குச்சியிலிருந்து கன்று வரை: வீட்டுத் தோட்டச் செடிகளைப் பெருக்கிப் பகிர்வதற்கான முழுமையான வழிகாட்டி

செம்பருத்திக் குச்சி ஒன்றை நட்டு, 20ஆம் நாள் இரண்டு துளிர் தெரிந்ததும், பிடித்துவிட்டது என்று நம்பிப் பையோடு எடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறோம். பத்து நாளில் அது கருகிவிடுகிறது. கொடுத்தவருக்குக் கைராசி இல்லை என்றும், வாங்கியவர் தண்ணீர் ஊற்றவில்லை என்றும் பேச்சு எழுகிறது. உண்மையில் அந்தக் குச்சியில் அப்போது ஒரு வேர்கூட இறங்கியிருக்கவில்லை. தண்டுக்குள் சேர்த்துவைத்திருந்த உணவைச் செலவழித்தே அது துளிர்த்தது. துளிர்த்த இலைகளுக்கு நீர் வேண்டியிருந்தபோது அதை உறிஞ்சித் தர வேர் இல்லாமல் வாடிப்போனது.

பல ஆண்டுகளாக என் தோட்டத்திலிருந்து உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் கன்றுகள் கொடுத்துவருகிறேன். இதில் நான் கண்ட தோல்விகளில் பெரும்பாலானவை, ஒரு படி முடியும் முன்பே அடுத்த படிக்குப் போனதால் வந்தவை. ஆகவே இங்கே எதை முதலில் செய்ய வேண்டும், எதை எவ்வளவு நாள் பொறுத்துச் செய்ய வேண்டும் என்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். தமிழ்நாட்டுச் சமவெளியின் வெயிலையும் மழையையும் வைத்தே நாள்கணக்கைச் சொல்கிறேன். மலைப்பகுதியில் இருப்பவர்கள் அதைச் சற்று நீட்டிக்கொள்ள வேண்டும்.

1. முன்கூட்டியே சேர்த்துவைக்க வேண்டியவை

முதலில் தேவைப்படுவது இடம். நேர் வெயில் படாத, ஆனால் புத்தகம் படிக்கும் அளவுக்கு வெளிச்சம் உள்ள ஓரிடத்தை ஒதுக்குங்கள். மாமர நிழல், கிழக்கு பார்த்த தாழ்வாரம், மாடியில் நிழல்வலைக்குக் கீழே உள்ள மூலை ஆகிய மூன்றும் பொருந்தும். இடத்தை முடிவு செய்யாமல் குச்சியை வெட்டுபவர்கள் கடைசியில் அதைக் குளியலறை ஜன்னலிலோ மொட்டை மாடி வெயிலிலோ வைக்க நேர்கிறது. வேரில்லாத குச்சி இருட்டில் அழுகும், வெயிலில் காயும்.

அடுத்து, கூர்மையான கவாத்துக் கத்தரி ஒன்றும் சிறிய கத்தி ஒன்றும் வேண்டும். மழுங்கிய கத்தரி தண்டை நசுக்கிவிடும். நசுங்கிய இடத்தில் வேர் வராமல் அழுகலே தொடங்கும். ஒரு செடியிலிருந்து மற்றொரு செடிக்குப் போகும்போது கத்தரியின் அலகை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்துவிடுங்கள்.

4க்கு 6 அங்குல நாற்றுப் பைகள், தென்னைநார்க் கழிவு, மணல், ஒளி புகும் பாலித்தீன் தாள், சணல் நூல், வேர் ஊக்கிப் பொடி, ஐஸ் குச்சிகள், ஒரு பென்சில் ஆகியவை போதும். பென்சிலைச் சொல்லக் காரணம் உண்டு. ஐஸ் குச்சியில் பேனாவால் எழுதிய செடியின் பெயர் இரண்டு மழையில் அழிந்துவிடும். பென்சில் எழுத்து மாதக்கணக்கில் நிற்கும்.

2. எந்தச் செடிக்கு எந்த வழி

எல்லாச் செடியையும் குச்சி வெட்டியே பெருக்கலாம் என்று நினைப்பதுதான் புதியவர்களின் முதல் தவறு. செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை, குரோட்டன்ஸ், காகிதப்பூ ஆகியவை குச்சியில் நன்றாக வரும். குண்டுமல்லியும் முல்லையும் குச்சியிலும் வரும், கிளையை வளைத்து மண்ணில் பதித்தாலும் வரும். பதியத்தில் தாய்ச்செடியின் உணவு கிடைத்துக்கொண்டே இருப்பதால் இழப்பு குறைவு. கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றுக்கு, கிளையை மரத்தில் இருக்கும்போதே பட்டை உரித்து வேர்விடவைக்கும் விண்பதியமே நம்பத் தகுந்தது. மாதுளைக்கு முற்றிய குச்சியும் விண்பதியமும் இரண்டுமே பொருந்தும்.

வாழையும் கறிவேப்பிலையும் பக்கக்கன்று தருபவை. மஞ்சள், இஞ்சி, கல்வாழை, ஹெலிகோனியா ஆகியவற்றைக் கிழங்கைப் பிரித்தே கொடுக்கலாம். பலா விதையும் கறிவேப்பிலை விதையும் காய்ந்தால் முளைப்புத்திறனை விரைவில் இழப்பவை. அவற்றைப் பொட்டலம் கட்டிப் பாதுகாத்து அடுத்த ஆண்டு கொடுக்க எண்ணக் கூடாது. கறிவேப்பிலைப் பழத்தின் சதையைக் கழுவி நீக்கி உடனே விதைக்க வேண்டும்.

குச்சி எந்தக் கிளையிலிருந்து வருகிறது என்பது, அது பின்னாளில் எப்படி வளரும் என்பதையும் தீர்மானிக்கலாம். மிளகுக் கொடி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. கொடியின் அடியிலிருந்து தரையோடு ஓடும் கொடிகளை 2 அல்லது 3 கணுக்களாக வெட்டி நட்டால், அவை மரத்தைப் பற்றி ஏறும் கொடியாகும். காய் தாங்கும் பக்கக் கிளையை வெட்டி நட்டால் அது ஏறாது. புதராகவே நின்று காய்க்கும். தொட்டியில் மிளகு வேண்டும் என்று கேட்பவருக்குப் பக்கக் கிளைக் கன்றையும், தென்னையில் ஏற்ற வேண்டும் என்பவருக்கு ஓடுகொடிக் கன்றையும் கொடுக்க வேண்டும். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கொடுத்தால், நான்கு ஆண்டுகள் கழித்தும் கொடி ஏன் ஏறவில்லை என்று அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

நர்சரியில் வாங்கிய செடி ஒட்டுக்கட்டியதா என்பதையும் பார்க்க வேண்டும். அடித்தண்டில் ஒரு முடிச்சும் பட்டையின் நிறமாற்றமும் தெரிந்தால் அது ஒட்டுச்செடி. அந்த முடிச்சுக்குக் கீழிருந்து வரும் தளிர், ஒட்டைத் தாங்கி நிற்கும் வேர்ச்செடியுடையது. அதில் குச்சி எடுத்தால் நீங்கள் விரும்பிய பூ வராது. முடிச்சுக்கு மேலிருந்து எடுத்த குச்சி வேர்விட்டாலும், வலிமையான வேர்ச்செடியின் துணை இல்லாததால் சில வகைகள் மெலிந்தே நிற்கும். பெரிய பூக் கலப்பின ரோஜாக்களில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பன்னீர் ரோஜா தன் வேரிலேயே செழிக்கிறது.

3. காலம்

ஆடி தொடங்கிப் புரட்டாசி முடிய உள்ள நாள்கள் குச்சிக்கும் விண்பதியத்துக்கும் ஏற்றவை. காற்றில் ஈரம் இருக்கும். கன்று வேர்பிடித்துக் கைமாறும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வைப்பதானால் கூரைக்குக் கீழே வையுங்கள். நாள் முழுவதும் மழையில் நனைந்த பையில் காற்று இருக்காது, காற்றில்லாத இடத்தில் வேர் உருவாகாது.

சித்திரை, வைகாசியில் பெரும்பாலானவற்றைத் தொடாதிருப்பது நல்லது. ஆடி முதல் புரட்டாசி வரை என்ற கணக்குக்கு விதிவிலக்கு ஈழத்தலரி. நர்சரிகளில் புளூமேரியா என்ற பெயரில் விற்கும் இந்த மரம் இலையுதிர்த்து நிற்கும் தை, மாசி மாதங்களில்தான் அதன் கிளையை வெட்ட வேண்டும். மழையில் வெட்டினால் சதைப்பற்றுள்ள தண்டு அழுகிவிடும்.

4. தாய்ச்செடியைத் தயார்ப்படுத்துதல்

வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே தாய்ச்செடியைப் பார்க்கத் தொடங்குங்கள். இலை சுருண்டிருத்தல், மஞ்சள் திட்டுகள், தண்டில் வெள்ளைப் பஞ்சு, எறும்பு வரிசை ஆகிய ஏதாவது இருந்தால் அந்தச் செடியிலிருந்து அந்தப் பருவத்தில் எதையும் எடுக்காதீர்கள். நச்சுயிரி நோய் ஒன்று தாயில் இருந்தால் குச்சியிலும் கன்றிலும் அது கூடவே போகும். மருந்தால் நீக்க முடியாது.

வாழையில் இந்தக் கவனம் மிக முக்கியம். முடிக்கொத்து நோய் வந்த வாழையின் இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நிற்கும். இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடுகள் தெரியும். இந்த நோய் அசுவினியாலும், பக்கக்கன்று கைமாறுவதாலும் பரவுகிறது. பழனி மலைச்சரிவுகளில் விளைந்த விருப்பாச்சி வாழையைப் பெருமளவில் அழித்தது இதே நோய்தான். ஆகவே ஒரு குத்தில் ஒரு கன்றில் அறிகுறி தெரிந்தாலும் அந்தக் குத்தின் வேறெந்தக் கன்றையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது.

செடி நலமாக இருந்தால், வெட்டும் நாளுக்கு முந்தைய மாலை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மறுநாள் காலை, வெயில் ஏறும் முன் வெட்டுங்கள். அப்போதுதான் தண்டு நிறைய நீரோடு இருக்கும். நண்பகலில் வெட்டிய குச்சி பாதி வாடிய நிலையில்தான் பைக்குப் போகிறது.

5. வேர்விடும் கலவை

ஒரு பங்கு கழுவிய தென்னைநார்க் கழிவும் ஒரு பங்கு மணலும் கலந்தால் போதும். எருவோ மண்புழு உரமோ இதில் சேர்க்கக் கூடாது. வேரில்லாத குச்சி உரத்தை உண்ண முடியாது. ஆனால் உரத்தில் வாழும் நுண்ணுயிர்கள் குச்சியின் வெட்டுவாயை அழுகச் செய்யும். அன்போடு நிறைய சாணி போட்டு நட்ட குச்சிகள் அழுகிப்போனதைத் தெரிந்தவர் வீடுகளில் பலமுறை பார்த்துவிட்டேன்.

கட்டியாக வாங்கும் தென்னைநார்க் கழிவில் உப்பு இருக்கும். தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, மூன்று முறை புதுத்தண்ணீரில் அலசுங்கள். அலசாமல் பயன்படுத்தினால் இளவேரின் நுனி கருகும்.

ஆற்று மணல் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. எம் சாண்ட் பயன்படுத்தலாம், ஆனால் அதில் உள்ள மாவு போன்ற தூளைச் சலித்தும் கழுவியும் நீக்க வேண்டும். இல்லாவிட்டால் அது சிமெண்ட் போல இறுகிவிடும். கடற்கரை மணலை எந்த நிலையிலும் பயன்படுத்தாதீர்கள்.

கலவையின் ஈரத்தைச் சோதிக்க ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பிழியுங்கள். இரண்டு மூன்று சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் அதிகம், கையைத் திறந்ததும் உதிர்ந்தால் குறைவு.

6. குச்சி வெட்டி நடுதல்

பச்சைத் தளிருக்கும் முற்றிய கட்டைக்கும் இடைப்பட்ட பகுதியே செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை போன்றவற்றுக்கு ஏற்றது. பென்சில் பருமன், 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளம், மூன்று நான்கு கணுக்கள் என்பது அளவு. தளிர் எளிதில் வாடும். மிக முற்றியதில் வேர் வர நாளாகும்.

கீழ் வெட்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேல் வெட்டைக் கணுவுக்கு மேலே நேராகவும் வெட்டுங்கள். கணுவை ஒட்டிய இடத்தில்தான் வேர் எளிதில் கிளம்பும் என்பது ஒரு காரணம். எது அடி, எது நுனி என்பதைப் பின்னர் குழப்பிக்கொள்ளாமல் இருக்க இந்த வேறுபாடு உதவும் என்பது மற்றொன்று. இருபது குச்சிகளை ஒன்றாக வெட்டிக் குவிக்கும்போது தலைகீழாக நடுவது சாதாரணமாக நடக்கிறது. தலைகீழாக நட்ட குச்சி வேர்விடுவது அரிது.

மொட்டு, பூ, காய் அனைத்தையும் கிள்ளிவிடுங்கள். மேலே இரண்டு இலைகளை மட்டும் விட்டு, அவற்றையும் குறுக்கே பாதியாக நறுக்குங்கள். இலையே இல்லாவிட்டால் உணவு உற்பத்தி இல்லை. இலை நிறைய இருந்தால் நீர் ஆவியாகிப்போகும். பாதி இலை என்பது இரண்டுக்கும் நடுவே நிற்கும் அளவு. பூ மொட்டைக் கிள்ள மனம் வராமல் விட்டுவிடுவோர் பலர். அந்த ஒரு பூ மலர்வதற்குள் குச்சியின் சேமிப்பு தீர்ந்துவிடும்.

குரோட்டன்ஸ் போலச் சாறு வடியும் தண்டுகளை, சாறு நிற்கும் வரை தண்ணீரில் அடியை நனைத்துத் துடையுங்கள். பிறகு அடிப்பகுதியை வேர் ஊக்கிப் பொடியில் தொட்டு, அதிகமானதைத் தட்டி உதிர்த்துவிடுங்கள். ஊக்கி கூடினால் நன்மை கூடாது, அடித்தண்டு கருகும். டப்பாவுக்குள் நேரடியாகக் குச்சியை விடாமல், தேவையான பொடியைத் தாளில் கொட்டித் தொடுங்கள். ஈரம் புகுந்த டப்பா கெட்டுவிடும்.

கலவையில் முதலில் ஒரு வெறுங்குச்சியால் குழி போட்டு, அதில் குச்சியை இரண்டு கணுக்கள் மறையுமாறு இறக்குங்கள். நேராகக் குத்தினால் பொடி மேலேயே வழிக்கப்பட்டுவிடும். இறக்கியபின் சுற்றிலும் விரலால் அழுத்துங்கள். அடியில் வெற்றிடம் இருந்தால் அங்கே வேர் காயும்.

ஒரு முறை பூவாளியால் தண்ணீர் தெளித்து, மேலே ஒளி புகும் பாலித்தீன் பையைக் கவிழ்த்துக் கட்டுங்கள். உள்ளே ஈரக்காற்று நின்று இலை வாடாமல் இருக்கும். இரண்டு நாளுக்கு ஒரு முறை பத்து நிமிடம் திறந்துவிட்டு மூடுங்கள். பூஞ்சை வராமல் இருக்க இது தேவை. மூடிய பை வெயிலில் ஒரு மணி நேரம் இருந்தாலும் உள்ளே குச்சி வெந்துவிடும். ஆகையால்தான் நிழலிடத்தை முதலில் முடிவு செய்யச் சொன்னேன்.

ஈழத்தலரிக்கு இந்த வரிசை முழுவதும் மாறும். ஒரு அடி முதல் ஒன்றரை அடி நீளக் கிளையை வெட்டி, இருக்கும் இலைகளை நீக்கி, பால் வடிந்து வெட்டுவாய் காய்ந்து மூடும் வரை 7 முதல் 10 நாள் நிழலில் படுக்கவையுங்கள். பிறகு மணல் அதிகமுள்ள கலவையில் நட்டு, ஒரு முறை தண்ணீர் விட்டு, இலை வரும்வரை கலவை காய்ந்தபின் மட்டுமே மீண்டும் விடுங்கள். பாலித்தீன் மூடக் கூடாது. அதன் பால் தோலில் எரிச்சல் தரும் என்பதால் கையுறை அணிவது நல்லது.

7. விண்பதியம்

கொய்யாவில் அல்லது எலுமிச்சையில் பென்சிலைவிடச் சற்றுப் பருமனான, நிமிர்ந்து வளரும், ஓராண்டு வயதுள்ள கிளையைத் தேர்ந்தெடுங்கள். நுனியிலிருந்து ஒன்றரை அடி உள்ளே, ஒரு கணுவுக்குக் கீழே, இரண்டரை சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தெடுங்கள்.

உரித்த இடத்தைக் கத்தியின் முதுகால் சுரண்டி வழவழப்பை நீக்க வேண்டும். இந்தச் சுரண்டலைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். இலையில் உருவாகும் உணவு பட்டை வழியாகக் கீழிறங்குகிறது. வளையத்தில் வழி அடைபட்டதும் மேல் விளிம்பில் தேங்குகிறது. அந்தத் தேக்கத்திலிருந்தே வேர் கிளம்புகிறது. வழவழப்பான அந்தப் படலம் மிஞ்சியிருந்தால் அது புதுப்பட்டையை உருவாக்கி வழியைத் திரும்பவும் இணைத்துவிடும். மூன்று மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தால் வேருக்குப் பதில் ஆறிய பட்டைதான் இருக்கும்.

மேல் விளிம்பில் மட்டும் வேர் ஊக்கியைத் தடவுங்கள். கீழ் விளிம்பில் வேர் வராது. நனைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியையோ (ஈரத்தை நெடுநாள் பிடித்துவைக்கும் உலர்ந்த பாசி) தென்னைநார்க் கழிவையோ இரண்டு கைப்பிடி வைத்து, பாலித்தீன் தாளால் சுற்றி, இரு முனைகளையும் இறுகக் கட்டுங்கள். மேல் கட்டு தளர்ந்தால் மழைநீர் இறங்கி அழுகும். கீழ் கட்டு தளர்ந்தால் ஈரம் வடிந்து காயும். வெயில் நேரே விழும் கிளையானால் அதன்மேல் செய்தித்தாள் ஒன்றைச் சுற்றிவிடுங்கள்.

நான்கு முதல் எட்டு வாரத்தில் தாள் வழியே வெள்ளை வேர் தெரியும். உடனே வெட்டாதீர்கள். வேர்கள் கிளைத்து, வெள்ளை மாறிப் பழுப்பேறத் தொடங்கும் வரை பொறுத்து, கட்டுக்குக் கீழே வெட்டுங்கள். வெள்ளை வேர் தொட்டாலே ஒடியும். பைக்கு மாற்றியதும் இலைகளில் பாதியை நீக்கி மூன்று வாரம் நிழலில் வையுங்கள்.

8. பக்கக்கன்று பிரித்தல்

கறிவேப்பிலை மரத்தைச் சுற்றி முளைக்கும் கன்றுகளைப் பிடுங்கிக் கொடுப்பதும், அவை பெரும்பாலும் பட்டுப்போவதும் எல்லோரும் அறிந்ததே. அந்தக் கன்று தாயின் வேரிலிருந்து கிளம்பியது. அதற்கென்று சொந்த வேர் மிகக் குறைவு. ஆகவே இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். முதலில் தாய்க்கும் கன்றுக்கும் இடையே மண்வெட்டியை நேராக இறக்கி இணைப்பு வேரை மட்டும் துண்டித்து, கன்றை அதே இடத்தில் விடுங்கள். ஆறு வாரம் தண்ணீர் விட்டால் கன்று தன் வேரை வளர்த்துக்கொள்ளும். அதன் பின் மண்ணோடு தோண்டி எடுங்கள்.

வாழையில், குறுகலான ஈட்டி போன்ற இலையும் பருத்த அடியும் உள்ள கன்றைக் கொடுங்கள். அகன்ற இலையோடு அழகாக நிற்கும் நீர்க்கன்றின் கிழங்கு சிறியது. அது நல்ல தார் தராது. பார்வைக்குச் செழிப்பாக இருப்பதால் பலரும் நீர்க்கன்றையே கேட்டு வாங்குகிறார்கள், எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிழங்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ இருக்கட்டும்; வேர்களையும் கருத்த பகுதிகளையும் சீவிவிடுங்கள். சீவும்போது துளையும் சுரங்கமும் தெரிந்தால் உள்ளே கூன்வண்டின் புழு உண்டு, அதை ஒதுக்கிவிடுங்கள்.

9. வேர் வந்ததை உறுதிசெய்தல்

குச்சியைப் பிடுங்கிப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். ஒவ்வொரு முறை பிடுங்கும்போதும் அப்போதுதான் முளைத்த வேர் அறுபடுகிறது. செம்பருத்திக்கும் குரோட்டன்ஸுக்கும் 4 முதல் 6 வாரம், இட்லிப்பூவுக்கும் மல்லிகைக்கும் 6 முதல் 8 வாரம் என்று என் தோட்டத்தில் ஆகிறது.

அந்த நாள் கழிந்தபின் குச்சியை இரு விரலால் பிடித்து மிக மெதுவாக மேலே இழுத்துப் பாருங்கள். மண் பிடித்து இழுப்பது போன்ற எதிர்ப்பு இருந்தால் வேர் வந்திருக்கிறது. பையின் அடித்துளையில் வேர்நுனி தெரிந்தால் ஐயமே இல்லை. துளிரை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதை மீண்டும் சொல்கிறேன்.

10. பை மாற்றி வெயிலுக்குப் பழக்குதல்

வேர்விட்ட கன்றை இப்போதுதான் சத்துள்ள மண்ணுக்கு மாற்ற வேண்டும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மட்கிய தொழுவுரம், ஒரு பங்கு தென்னைநார்க் கழிவு போதும். பை ஒரு அளவு மட்டுமே பெரிதாக இருக்கட்டும். சிறு வேரைப் பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கிப் புளித்துவிடும்.

முதல் வாரம் முழு நிழல். இரண்டாம் வாரம் காலை எட்டு மணி வரை வெயில். மூன்றாம் வாரம் பத்து மணி வரை. நான்காம் வாரம் அந்தச் செடி விரும்பும் முழு வெயில். நிழலில் உருவான இலை மெல்லியது. திடீர் வெயிலில் வெளுத்துக் கருகும். வாங்கிச் செல்பவர் வீட்டில் நேரே மொட்டை மாடிக்குத்தான் அது போகும் என்று வைத்துக்கொண்டே பழக்குங்கள்.

11. கொடுக்கும் முன் பூச்சிச் சோதனை

கன்றோடு பூச்சியையும் கொடுத்துவிடுவது, கன்றே கொடுக்காததைவிடக் கெடுதலானது. பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டு, சில ஆண்டுகளில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று பரவிப் பெரும் சேதம் விளைவித்தது; 2010இல் அதன் இயற்கை எதிரியான ஒட்டுண்ணிக் குளவியைப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட பின்னரே அடங்கியது. 2016இல் பொள்ளாச்சித் தென்னைகளில் தெரிந்த சுருள் வெள்ளை ஈயும் பல தோட்டச் செடிகளில் தங்கக்கூடியது. கைமாறும் தொட்டிச் செடி இத்தகைய பூச்சிகளுக்கு எளிய வாகனம்.

எனவே கொடுக்க ஒதுக்கிய கன்றுகளை மற்றவற்றிலிருந்து விலக்கி இரண்டு வாரம் தனியே வையுங்கள். இலையின் அடிப்பக்கம், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கு, பையின் அடித்துளை ஆகிய மூன்றையும் காலை வெளிச்சத்தில் பாருங்கள். எறும்பு ஏறிக்கொண்டிருந்தால் அங்கே மாவுப்பூச்சியோ அசுவினியோ செதில்பூச்சியோ இருப்பதாகவே எண்ணித் தேடுங்கள். அவற்றின் இனிப்புக் கழிவுக்காகவே எறும்பு வருகிறது. சில பூச்சிகள் மட்டும் தெரிந்தால் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்து, இரண்டு வாரக் கணக்கைத் திரும்பவும் தொடங்குங்கள்.

மேல்மண்ணைக் கிளறியும் பாருங்கள். ஆப்பிரிக்க நத்தை மண்ணுக்குள் முட்டையிடும். சிறு வெளிர் மணிகளாகக் குவிந்திருக்கும். ஒரு பையில் போனது போதும், அந்தத் தெரு முழுவதற்கும் மழைக்காலத் தொல்லையாகிவிடும்.

யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாதவையும் உண்டு. ஆகாயத்தாமரையும் உண்ணிச்செடியும் பூ அழகாக இருந்தாலும், ஒன்று நீர்நிலையையும் மற்றொன்று காட்டையும் மூடிவிடுகின்றன.

12. கட்டி எடுத்துச் செல்லுதல்

தண்ணீரை முந்தைய மாலை விடுங்கள். புறப்படும் நேரத்தில் விட்டால் பை ஒழுகும், மண் சரிந்து வேர் அறுபடும். செய்தித்தாளைக் கூம்பாகச் சுற்றிக் கிளைகளை மேல்நோக்கிக் கட்டுங்கள். இருசக்கர வண்டியில் கொண்டுபோனால் கன்றை முழுவதும் மூட வேண்டும்; அரை மணி நேர எதிர்காற்று இலைகளைக் காயவைத்துவிடும்.

தொலைவூருக்கு வேரில்லாத குச்சியாகக் கூரியரில் அனுப்பலாம். இலைகளை நீக்கி, அடிப்பாகத்தை மட்டும் ஈரச் செய்தித்தாளால் சுற்றி, பாலித்தீன் பையிலிட்டு அட்டைப் பெட்டியில் வையுங்கள். முழுக் குச்சியையும் ஈரத்தில் சுற்றினால் பூஞ்சை பிடிக்கும். திங்கட்கிழமை அனுப்புங்கள், வெள்ளிக்கிழமை அனுப்பினால் ஞாயிறு முழுவதும் கிடங்கில் கிடக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கறிவேப்பிலைக் கன்றைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். எலுமிச்சை வகைகளைத் தாக்கும் பசுமையாதல் நோயைப் பரப்பும் சிறிய சாறுறிஞ்சிப் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழ்கிறது. அமெரிக்கா உட்படச் சில நாடுகள் அதனால் இதைத் தடுக்கின்றன. அந்தந்த நாட்டிலேயே முறைப்படி வளர்த்த கன்றை வாங்குவதுதான் வழி.

ஐஸ் குச்சியின் ஒரு பக்கத்தில் செடியின் பெயர், பூவின் நிறம், வேர்விட்ட நாள் ஆகியவற்றை எழுதுங்கள். மறுபக்கத்தில் வெயிலா நிழலா என்பதையும், நச்சுச் செடியானால் அதையும் எழுதுங்கள். அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. ஆடுமாடு வளர்ப்பவருக்கும் சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கும் அதை வாயால் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

13. வாங்கியவர் செய்ய வேண்டியது

கன்று வந்த அன்றே நட வேண்டியதில்லை. மூன்று நான்கு நாள் பையோடு நிழலில் வைத்து, தங்கள் வீட்டுச் செடிகளிலிருந்து தள்ளியே வைத்துப் பார்க்கட்டும். பிறகு ஒரு மாலை வேளையில், பையின் பக்கவாட்டைக் கத்தியால் கீறி, மண்கட்டி உடையாமல் குழியில் இறக்க வேண்டும். பையில் எந்த அளவுக்கு மண் இருந்ததோ அதே மட்டத்துக்கு மட்டுமே மூட வேண்டும். தண்டு புதைந்தால் கழுத்தழுகல் வரும். ஒட்டுச்செடியானால் ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேலேயே நிற்க வேண்டும்.

முதல் மாதம் உரம் வேண்டாம். இலை ஒன்றிரண்டு உதிர்ந்தாலும் தண்ணீரைக் கூட்ட வேண்டாம். விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் விடச் சொல்லுங்கள். ஒவ்வொரு வகையிலும் கொடுத்தது போக ஒரு கன்றை நான் ஆறு மாதம் வரை என்னிடமே நிறுத்திவைக்கிறேன். வாங்கியவர் வீட்டில் ஏதாவது நேர்ந்து மீண்டும் கேட்டால், தாய்ச்செடியில் திரும்ப வெட்டி எட்டு வாரம் காத்திருக்காமல் அதை எடுத்துக் கொடுத்துவிடலாம்.